மாட்டையே சாட்சிக்குக் கூப்பிடுறேன்

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். 'சிறுமொழியைக் காப்பது சட்டமா, சமையலறையா?' நான் சமையலறை.

எதிரணி அண்ணன், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுக்கடல்ல இருக்கிற ஜெர்சித் தீவோட ஜெர்ரியே மொழியை எடுத்தாரு. 2010-ல பவுண்டு நோட்டுலயே அச்சடிச்சாச்சு, 2019-ல ஆட்சிமொழியும் ஆக்கியாச்சுன்னாரு. சரி. அதோட உட்கார்ந்திருக்கலாம்ல? "மாடு மேய்க்கிறவன் கெடுத்து வச்ச பிரெஞ்சு"ன்னு போற போக்குல ஒரு குத்து!

ஐயா, மாட்டையே சாட்சிக்குக் கூப்பிடுறேன். நம்ம ஊரு கலப்பின ஜெர்சிக்குப் பூர்வீகம் அந்தத் தீவுதான். பசுவுக்கு லத்தீன்ல 'வாக்கா'. பாரிஸ்ல 'வாஷ்'. ஜெர்சியில 'வாக்'. இப்ப சொல்லுங்க, 'க'வை 'ஷ' ஆக்கிக் கெடுத்தது யாரு? பூனையும் வந்து நிக்குது: பாரிஸ்ல 'ஷா', ஜெர்சியில 'கா'. ஜெர்ரியேங்கிறது பிரான்சோட நார்மண்டிப் பக்கத்து நார்மன் பேச்சு; அது பிரெஞ்சுக்குப் பிள்ளை இல்லைங்க, கூடப்பிறந்தது. தங்கச்சி அரண்மனையில வாக்கப்பட்டா, அக்கா வேலைக்காரியா?

1940 ஜூலையில ஜெர்மன் படை தீவுக்குள்ள இறங்கிடுச்சு. அவங்கள்ல இங்கிலீஷ் தெரிஞ்சவன் உண்டு, பிரெஞ்சு தெரிஞ்சவனும் உண்டு. ஜெர்ரியே தெரிஞ்சவன்? காட்சியை நினைச்சுப் பாருங்க. கணக்குல வராம ஒரு பன்னியை ஒளிச்சு வச்சிருக்காரு விவசாயி. எதிர்ல ஜெர்மன் அதிகாரி. விவசாயி பெஞ்சாதிகிட்டச் சொல்றாரு, ஜெர்ரியேல: "பன்னியைப் பரண்ல ஏத்திடு." அதிகாரி தலையாட்டுறாரு. அந்தம்மா கேக்குது: "பரண் தாங்குமா?" அதிகாரி சிரிக்கிறாரு! "இந்தாளுக்கு ஒரு துண்டு குடுப்போமா?" அதுக்கும் தலையாட்டுறாரு! பன்னி என் கற்பனைங்க. ஆனா ஜெர்மன்காரனுக்குப் புரியக்கூடாதுன்னு ஊரே ஜெர்ரியேல பேசினது நிஜம். எந்தச் சட்டம் சொல்லிப் பேசினாங்க?

சிரிச்சீங்க. சந்தோஷம். அதே 1940-ல, படை வர்றதுக்குச் சில நாள் முன்னாடி, ஆயிரக்கணக்குல சனங்களும் பிள்ளைகளும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினாங்க. தீவு விடுதலையானது 1945 மே 9. அஞ்சு வயசுல போனது பத்து வயசுல திரும்புது. ஆச்சி வாசலுக்கு ஓடிவருது. கன்னத்தைப் பிடிச்சு, தன் பேச்சுல, "சாப்பிட்டியாடா"ங்குது. பேரன் அம்மா முகத்தைப் பாக்குறான். இங்கிலீஷ்ல கேக்குறான்: "பாட்டி என்னம்மா சொல்றாங்க?"

மணி அடிச்சிட்டீங்க ஐயா. ஆச்சி இன்னும் வாசல்லதான் நிக்குது. நான் உட்கார்றேன்.