68 ஓட்டு வாங்கியும் செத்துப்போன மசோதா

அமெரிக்காவில் குடியேற்றச் சட்டம் ஏன் மாறவே மாட்டேன் என்கிறது? இரண்டு கட்சிக்கும் ஒத்துப்போகாது என்பார்கள். ஒத்துப்போயிருக்கிறார்கள், அதுதான் வேடிக்கை.

[திரையில்: 2013 ஜூன், 68–32]

அமெரிக்க மேலவையான செனட்டில் நிறைவேறிய மசோதா இது. ஆவணமில்லாமல் வாழும் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேரில் பெரும்பாலோருக்கு 13 வருடத்தில் குடியுரிமைக்கு வழி, பதிலுக்கு எல்லைக் காவலர்கள் இரண்டு மடங்கு. வேலை வழி கிரீன் கார்டில் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பும் போயிருக்கும் (எச்1பி வேலை விசாவில் போய் வருடக்கணக்கில் காத்திருக்கும் நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை).

ஆனால் சட்டமாக வேண்டுமானால் இன்னொரு அவையான பிரதிநிதிகள் சபையும் ஏற்க வேண்டும். அங்கே சபாநாயகர், குடியரசுக் கட்சியின் ஜான் பெய்னர் அதை ஓட்டெடுப்புக்கே விடவில்லை. சொந்தக் கட்சியில் பாதிக்கு மேல் ஆதரவில்லாததை எடுப்பதில்லை என்பது குடியரசுக் கட்சி சபாநாயகர்களின் எழுதாத வழக்கம். அடுத்த வருடம் அவருக்கு அடுத்த இடத்திலிருந்த எரிக் கேன்டர், குடியேற்றத்தில் இளகியவர் என்ற பிரசாரத்துக்கு நடுவில் உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார். அதைப் பார்த்த பிறகு யார் தொடுவார்கள்?

சரி, 2024-க்கு வருவோம். இந்த முறை குடியுரிமை பேச்சே இல்லை, முக்கியமாக எல்லைக் கெடுபிடிதான். ஒரு வார சராசரியாக தினம் 5,000 பேர் பிடிபட்டால் எல்லையை மூடியாக வேண்டும் என்ற அந்த மசோதாவை எழுதியதில் ஒருவர் ஜேம்ஸ் லாங்க்ஃபோர்ட், ஓக்லஹோமாவின் பழுத்த குடியரசுக் கட்சிக்காரர். எல்லைக் காவலர் சங்கமே ஆதரித்தது. ஆனால் அது தேர்தல் வருடம். டிரம்ப் வேண்டாம் என்றார், பழியை என்மேல் போடுங்கள் என்று மேடையிலேயே சொன்னார். பிப்ரவரி 7-ல் 49–50. தேவைப்பட்டது 60. ஜனநாயகக் கட்சியிலும் சிலர், இது ரொம்பக் கடுமை என்று எதிர்த்தார்கள்.

இந்த 60-தான் முக்கியம். செனட்டில் விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்குப் போகவே பெரும்பாலான மசோதாக்களுக்கு அவ்வளவு வேண்டும். வரி, செலவு சம்பந்தப்பட்ட ஒரு தனி வகை பட்ஜெட் மசோதாவுக்கு (ரீகன்சிலியேஷன்) சாதாரணப் பெரும்பான்மை போதும். அதனால் 2025-ல் எல்லைச் சுவருக்குச் சுமார் 4,650 கோடி டாலர், தடுப்பு மையங்களுக்கு 4,500 கோடி டாலர், எல்லாம் இந்த பட்ஜெட் வழியே 51–50 என்று துணை அதிபரின் ஓட்டோடு தாண்டிவிட்டது. இதே வழியில் 2021-ல் ஜனநாயகக் கட்சி சட்ட அந்தஸ்து தர முயன்றபோது, இது பட்ஜெட் விஷயம் இல்லை, கொள்கை மாற்றம் என்று செனட்டின் விதி ஆலோசகர் தள்ளிவிட்டார். ஆக, சுவருக்கு 51 போதும், கிரீன் கார்டுக்கு 60 வேண்டும்.