எட்டுக்கு எத்தனை ரன்?

(ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். அறிமுகம் செய்தபோது என்னை 'ஆட்டிசம் நிபுணர்' என்று சொல்லிவிட்டார்கள். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான் வகுப்பாசிரியை, அவ்வளவுதான். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வந்து போவார். மற்ற நேரமெல்லாம் ஆட்டிசம் உள்ள பிள்ளை, அதாவது பழகும் விதமும் சத்தத்தையும் தொடுதலையும் உணரும் விதமும் வேறாக இருக்கும் பிள்ளை, நம் கண்ணெதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

ஐந்தாம் வகுப்பு முடிந்தால் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதுவரை ஒரே டீச்சர், ஒரே அறை, ஒரே ஜன்னல். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒரு டீச்சர், பீரியடுக்கு ஒரு பெல், பல பள்ளிகளிலிருந்து வந்து சேரும் புதுப் பிள்ளைகள். நமக்கே புது அலுவலகத்துக்கு மாற்றலானால் முதல் மாதம் தூக்கம் வராது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அங்கே தெரிந்த முகம் ஒன்றாவது வேண்டாமா? அந்த முகத்தை ஐந்தாம் வகுப்பிலேயே சம்பாதித்துவிட வேண்டும்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். கணக்கில் புலி. ஆனால் எழுத உட்கார்ந்தால் கை வலிக்கும், மைதானத்துக்குப் போனால் இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்வான். நான் என்ன செய்தேன்? இடைவேளையில் அவனை உள்ளேயே உட்கார வைத்து, எழுதாமல் விட்டுப்போன பாடத்தை எழுத வைத்தேன். அவனுக்குப் பாதுகாப்பு, நோட்டும் நிறையும் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. அரையாண்டுக்குள் நோட்டு நிறைந்தது. அப்போது அவன் அம்மா வந்து, "டீச்சர், பையனுக்குப் பிறந்தநாள் வருது. கிளாஸ்ல யாரைக் கூப்பிடலாம்? ஒரு பேரு சொல்லுங்க" என்றார். முப்பத்திரண்டு பிள்ளைகள் இருந்த வகுப்பில் ஒரு பெயர் என் வாயில் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பெயர் வாங்க முடியாது. மழை செய்த வேலை அது. ஒருநாள் மைதானமெல்லாம் தண்ணீர், எல்லோரும் உள்ளே. கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன், கூட்டாளி லீவு என்பதால், தனியாக புக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். உங்களுக்குத் தெரியாததா? புத்தகத்தைச் சட்டென்று விரிக்கணும், இடது பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன், பூஜ்ஜியம் வந்தால் அவுட். நம் பையன் போய்ப் பின்னால் நின்றான்.

"எழுபத்தெட்டு. எட்டு ரன்."

"எட்டு வந்தா ஒண்ணுதான்டா."

"எட்டு எட்டுதான்."

"எங்க தெருவுல ஒண்ணுதான்."

புத்தகம் பறந்தது. நம் ஆள் பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வழக்கமாக இந்த இடத்தில் நான் எழுந்து போய் மற்றவனை விரட்டுவேன். அன்று வாய் நிறைய லெமன் சாதம். விழுங்கி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சுக்காரன் ஒரு தாளைக் கிழித்து '0 அவுட், 2 4 6 அப்படியே, 8 = 1' என்று எழுதி பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டான். வெகுநேரம் அசைவே இல்லை. பிறகு கீழேயிருந்து ஒரு கை வந்தது, பென்சில் கேட்டு. தாள் வெளியே வந்தபோது '8 = 1' என்பதற்குப் பக்கத்தில் 'இன்னைக்கு மட்டும்' என்று சேர்த்திருந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நட்புக்குத் தேவையானது முழுக்க இந்த விளையாட்டில் இருக்கிறது. இரண்டே பேர். யார் முறை என்பது கண்ணுக்குத் தெரியும். விதி எழுதி இருக்கிறது. முகத்தைப் பார்த்தாக வேண்டிய கட்டாயம் இல்லை, இரண்டு பேரும் புத்தகத்தைப் பார்த்தால் போதும். நாமோ 'கண்ணைப் பார்த்துப் பேசு' என்று அவன் தாடையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருக்கிறோம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

லாஸ் ஏஞ்சலிஸில் கோனி கசாரி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் செய்த ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. சாதாரண வகுப்புகளில் படிக்கும், ஆட்டிசம் உள்ள 60 குழந்தைகள். சிலருக்கு, எப்படிப் பழகுவது என்று நேரடியாகப் பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்கு அதைச் செய்யாமல், கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நட்பு வட்டம் கூடியது பெரும்பாலும் இரண்டாவது வழியில்தான். நாம் மாதாமாதம் கட்டும் தெரபி பணமெல்லாம் முதல் வழிக்குத்தான் போகிறது! தெரபி வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சுப் பயிற்சியால் வாய் திறந்த பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பாலத்தை ஒரு கரையிலிருந்து மட்டும் கட்டிக்கொண்டே போனால் எப்படி? அதே 2012இல் டேமியன் மில்டன் என்பவர், அவரே ஆட்டிசம் உள்ளவர், இதை வேறு விதமாகச் சொன்னார்: அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்கிறோமே, நமக்கும்தானே அவர்களைப் புரியவில்லை?

வகுப்பில் இதை எப்படிப் பேசுவது என்று கேட்பீர்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் 'ஆட்டிசம்' என்ற சொல்லை நான் எடுப்பதில்லை. "சத்தம் அவனுக்கு வலிக்கும். திடீர்னு தொட்டா பயப்படுவான். பதில் சொல்ல நேரம் எடுப்பான், பத்து எண்ணு" என்றால் பத்து வயதுப் பிள்ளைக்குப் போதும். 'பாவம், சேர்த்துக்கோங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் சொல்லிப் பார்த்தேன். ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்க நர்ஸ்கள். "மிஸ், நான்தான் அவன் பையைத் தூக்கினேன்." விளையாட்டில் வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்தார்கள். ஏமாற்றி ஜெயித்தவன் அந்தக் கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன்தான். "மிஸ், இவன் பக்கத்தைப் பார்த்துப் பிரிக்கிறான்" என்று நம் பையன் அழுதுகொண்டே புகார் கொண்டுவந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இனி ஜூனுக்கு வருவோம். மே மாதம் ஆளில்லாத நேரத்தில் புதுப் பள்ளிக்கு இரண்டு மூன்று முறை கூட்டிப்போங்கள். கழிப்பறை எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, சத்தம் தாங்கவில்லை என்றால் போய் உட்கார எந்த இடம் என்று காட்டுங்கள். போனில் படம் எடுத்துவைத்து லீவு முழுக்கப் பார்க்கட்டும். ஒரே ஒரு பக்கத்தில் அவனைப் பற்றி எழுதிக்கொடுங்கள். பத்துப் பக்க ரிப்போர்ட்டை எந்த டீச்சரும் படிக்க மாட்டார், நான் உட்பட. எங்காவது இடமில்லை என்று கையை விரித்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடங்கும், அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்று நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, இங்கே இருக்கிற ஆறாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு. செக்‌ஷன் பிரிக்கும் லிஸ்ட்டில் நம் பையன் 'ஏ', கடைசி பெஞ்சுக்காரன் 'சி'. சேர்க்கை எண் வரிசையாம். நான் அந்த ஒரு பக்கத் தாளை எடுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். தலைமையாசிரியர் பேனாவைத் திறந்து 'சி'யை அடித்து 'ஏ' என்று எழுதினார். டீ வருவதற்குள் வேலை முடிந்தது. உங்களிடமும் அப்படி யாராவது தாளோடு வந்தால், பேனாவைத் திறந்துவிடுங்கள்.