வார்னிஷ் கதவும் வெள்ளை எனாமலும்

நேயர்களுக்கு வணக்கம். மும்பைக்கு வந்து பெயிண்ட் வேலையில் இறங்கிய முதல் வருடம், மாட்டுங்காவில் ஒரு தமிழ் வீட்டின் தேக்குக் கதவுக்கு வெள்ளை எனாமல் அடித்தேன். பழைய வார்னிஷ் கண்ணாடியாக மின்னியது. இதில் தேய்க்க என்ன இருக்கிறது என்று அப்படியே பூசிவிட்டேன். தீபாவளிக்கு முன்பு அந்த வீட்டு மாமி கூப்பிட்டு அனுப்பினார். பேரன் நகத்தால் கீறியிருக்கிறான். பெயிண்ட் பாலாடையாகச் சுருண்டு வந்துவிட்டது. அடியில் வார்னிஷ் ஒன்றுமே நடக்காததுபோல் மின்னிக்கொண்டிருந்தது. மாமி திட்டவில்லை, காபி கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

வார்னிஷ் மரத்துக்குத் தாமரை இலைக் குணம். மேலே விழுவது எதையும் ஒட்ட விடாது. அதற்காக முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. உரிந்து நிற்பதை மட்டும் சுரண்டிவிட்டு, மற்ற இடங்களில் பளபளப்பைப் போக்கினால் போதும்.

தேய்க்கும் முன் கழுவுங்கள். கைப்பிடியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சமையலறைக் கதவைக் கேட்கவே வேண்டாம். வாஷிங் சோடா கரைத்த வெந்நீரால் துடைத்து, நல்ல தண்ணீரால் அலசி, நன்றாகக் காய விடுங்கள். பிறகு 120 நம்பர் உப்புத்தாள், அடுத்து 220. மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் எனாமலுக்கு மேலும் தெரியும். முடிந்ததா என்று பார்க்க, டார்ச் விளக்கைக் கதவோடு சாய்த்துப் பிடியுங்கள். எங்கே மினுங்குகிறதோ அங்கே வேலை பாக்கி. பழைய கட்டடங்களில் வார்னிஷுக்கு அடியில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கலாம். அங்கே தண்ணீர் தொட்டுத் தேய்த்து, குழந்தைகளை விலக்கி வையுங்கள். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

தூசியை டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு பிரைமர் என்ற அடிப்பூச்சை அடியுங்கள். தேக்கில் வெள்ளை அடித்தால் மஞ்சள் கறை மேலே கசியும். அதைத் தடுக்க, பிரைமருக்கு முன்பே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு கை, அதாவது ஒரு பூச்சு, கொடுப்பது என் வழக்கம். எனாமல் மெல்லியதாக இரண்டு கை. ஒரே கையில் அப்பினால் வழியும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, மழைக்காலத்தில், மும்பையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டுமென்றால், தொட்டால் ஒட்டவில்லை என்று நம்பிக் கதவைச் சாத்திவிடாதீர்கள். மறுநாள் காலை சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நான் ஒரு முறை ஜன்னல் வழியாக வெளியே வந்திருக்கிறேன். நல்லவேளை, தரைத்தளம்.