கிறிஸ்துமஸ் துணிக்கடையில் மூன்று வரிசை

வணக்கம் மக்களே! தூத்துக்குடியில் இப்போது டபிள்யூ.ஜி.சி. ரோடு பக்கம் போனீர்கள் என்றால் நடக்கவே இடம் இருக்காது. பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை முடிந்த பிறகுதான் வீட்டில் எல்லோரும் சேர்ந்து துணி எடுக்கக் கிளம்ப முடியும். பரீட்சை முடியும்போது கிறிஸ்துமஸ் வாசலுக்கு வந்துவிடும். 24-ஆம் தேதி ராத்திரி பூசைக்குப் புதுத்துணி போட்டாக வேண்டும். அதனால் ஊரே ஒரே நேரத்தில் கடைக்குள் நிற்கிறது.

கூட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன், பண்டிகை என்றால் கூட்டம் வரும். ஆனால் வருஷா வருஷம் இந்தக் கூட்டம் வரும் என்று கடைக்காரர்களுக்குத் தெரியுமே, அப்புறம் ஏன் மக்களை இந்தப் பாடு படுத்துகிறார்கள்?

நம் ஊர்ப் பெரிய துணிக்கடைகளில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். துணியை எடுத்த உடனே அது உங்கள் கையை விட்டுப் போய்விடும். முதலில் பில் போடுகிற இடத்தில் ஒரு வரிசை. அந்தச் சீட்டைக் கொண்டுபோய்ப் பணம் கட்ட இன்னொரு வரிசை. பணம் கட்டிய சீலோடு டெலிவரி கவுண்டரில் மூன்றாவது வரிசை. அங்கே வரிசை என்று சொல்வதே தப்பு, எல்லோரும் பில்லை நீட்டிக்கொண்டு முட்டி மோதுவார்கள். பை கைக்கு வந்தாலும் வாசலில் செக்யூரிட்டி பில்லை வாங்கி ஓட்டை போட்ட பிறகுதான் வெளியே விடுவார். தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அக்கா இத்தனையிலும் நின்றதைப் பார்த்தேன். மனசே கேட்கவில்லை. இந்தப் பத்து நாளைக்காவது பில்லும் பணமும் ஒரே இடத்தில் என்று வைக்கக் கூடாதா?

அடுத்தது பிள்ளைகள் துணி. ஒரு கம்பெனி 24 என்று போட்டிருக்கும் ஃபிராக் இன்னொரு கம்பெனியின் 26 அளவுக்கு இருக்கும். போட்டுப் பார்க்கலாம் என்றால், கூட்டத்தில் டிரையல் ரூம் கிடையாது என்கிறார்கள். சரி, வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றால், பண்டிகை நேரத்தில் எக்ஸ்சேஞ்ச் இல்லை என்று போர்டு தொங்குகிறது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அளவு சரியில்லை, கலர் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் மாற்றித் தருவது கடைக்காரர் விருப்பம். அதனால் பணம் கட்டும் முன்பே கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். ஆனால் தையல் விட்டிருக்கிறது, துணியில் ஓட்டை இருக்கிறது என்றால் எந்தப் போர்டும் செல்லாது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம். திரும்ப வாங்க எத்தனை நாள் கெடு என்று பில்லில் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. பில் தராமல் இருப்பதும் அதே சட்டப்படி தப்புதான். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். பில்லை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் விட என் மனசை அறுப்பது ஒன்று உண்டு. வரிசையில் நிற்கிற எரிச்சலை நம் ஆட்கள் கடையில் துணி எடுத்துக் காட்டுகிற பிள்ளைகள் மேல் கொட்டுகிறார்கள். "எவ்வளவு நேரம் எடுக்கிறாய், வேறு கலர் எடு" என்று ஒரு அண்ணன் கத்தினார். அந்தப் பொண்ணு வாயைத் திறக்காமல் மேல் அடுக்கிலிருந்து இன்னொரு துணிக்கட்டை இறக்கிப் பிரித்தாள். அவள் நின்ற இடத்தில் ஒரு ஸ்டூல்கூட இல்லை. கவுண்டரைக் குறைத்தது அவளா? போர்டு மாட்டியது அவளா? காலையில் கடை திறந்ததிலிருந்து நிற்கிறவள் அவள்.

வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே கடைகள் சட்டத்தைத் திருத்தியாயிற்று. அதனால் கோபம் வந்தால் மேனேஜரைக் கூப்பிடுங்கள். கவுண்டர் ஏன் குறைவு என்று அவரிடம் கேளுங்கள், கூடவே இந்தப் பிள்ளைகளுக்கு நாற்காலி எங்கே என்றும் கேளுங்கள். நான் கேட்டேன். "சீசன் முடியட்டும், பார்க்கலாம்" என்றார். சீசன் முடிந்ததும் மறுபடி போய்க் கேட்கத்தான் போகிறேன், அதையும் வீடியோ போடுகிறேன்.

உங்கள் ஊர்க் கடைகளில் நாற்காலி போட்டிருக்கிறார்களா என்று கமெண்டில் சொல்லுங்கள். எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்!