ஊன், கம்பளி, மயிர்

நேயர்களுக்கு வணக்கம். தில்லி கரோல் பாக்கிலிருந்து பேசுகிறேன். குளிர் தொடங்கிவிட்டதால் நடைபாதைக் கடைகளில் கம்பளி நூற்கண்டுகள் குவிந்து கிடக்கின்றன. கடைக்காரர்கள் கம்பளியை இந்தியில் 'ஊன்' என்று கூவி விற்கும்போது நம் காதில் இறைச்சி என்றே விழும். ஆனால் தமிழ் ஊனுக்கும் இந்த ஊனுக்கும் உறவே கிடையாது. இது சமஸ்கிருத 'ஊர்ணா'விலிருந்து வந்தது. இலத்தீன் 'லானா', லிதுவேனிய 'வில்னா', ஆங்கில 'வூல்' ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவை என்று மொழியியலாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். களிம்புகளில் சேர்க்கும் லானோலின், ஆட்டு ரோமத்தில் படிந்திருக்கும் மெழுகு. அதன் பெயரிலும் இந்த லானாதான் இருக்கிறது.

ஊர்ணா ஆட்டோடு நின்றுவிடவில்லை. சிலந்திக்கு 'ஊர்ணநாப' என்று பெயர். கொப்பூழிலிருந்து கம்பளி நூற்பது என்று பொருள். புத்தரின் புருவங்களுக்கு நடுவே உள்ள வெண்மயிர்ச் சுழியும் ஊர்ணாதான். ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனால், காந்தாரப் புத்தர் சிலைகளின் நெற்றியைக் கிட்டே நின்று பாருங்கள். நாம் பொட்டு என்று நினைத்துக் கடந்துவிடும் அந்தச் சிறு வட்டம் அதுவே.

நம் 'கம்பளி' வேறு வழியில் வந்த சொல். சமஸ்கிருத 'கம்பல' நம்மிடம் கம்பலம், கம்பளம், கம்பளி என்று உருமாறி, விரிப்புக்கு ஒன்று, போர்வைக்கு ஒன்று என்று பிரிந்தது. உடலெல்லாம் மயிர் மூடிய புழுவைக் கம்பளிப்பூச்சி என்றார்களே, அந்தப் பெயரிடலை எண்ணி எண்ணி மகிழ்கிறேன்.

இவற்றைவிட எனக்கு நெருக்கமானது சிலப்பதிகாரம் காட்டும் மதுரை அறுவை வீதி, அதாவது துணிக்கடைத் தெரு. 'நூலினும் மயிரினும் நுழைநூல் பட்டினும்' நெய்த துணிகள் அங்கே அடுக்கடுக்காக இருந்தனவாம். பருத்தி நூலுக்கும் பட்டுக்கும் நடுவே, விலங்கின் மயிரால் நெய்ததை மயிர் என்றே இளங்கோ சொல்லிவிட்டார். பஷ்மினா என்னும் மென்மையான காஷ்மீர்க் கம்பளியின் பெயரில் உள்ள, கம்பளியைக் குறிக்கும் பாரசீக 'பஷ்ம்' என்ற சொல்லும், இமைமயிரைக் குறிக்கும் சமஸ்கிருத 'பக்ஷ்மன்' என்ற சொல்லும் ஒரே மூலத்தவை. ஆட்டு ரோமம், நம் தலைமுடி இரண்டும் கெரட்டின் என்னும் ஒரே வகைப் புரதத்தால் ஆனவை.

இன்று 'உல்லன்' என்று கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து செய்த அக்ரிலிக். இதோ, இரண்டு இழைகளையும் கேமராவுக்கு அருகில் வைத்துக் கொளுத்துகிறேன். முதல் இழை உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக இறுகிவிட்டது, அது அக்ரிலிக். அடுத்தது அசல் கம்பளி, மெல்லக் கருகி, தீயை விலக்கியதும் தானே அணைந்துவிட்டது. விரலால் நசுக்கினால் பொடியாகிறது. அறை முழுவதும் முடி கருகிய நாற்றம். நூற்கண்டு வாங்கும்போது ஓர் இழை கேட்டு வாங்கி, வீட்டில் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களும் சோதித்துப் பாருங்கள்.