ஒரு வால்வும் ஒரு விண்வெளித் திட்டமும்

நேயர்களுக்கு வணக்கம்.

2021 ஆகஸ்ட் 12 விடியற்காலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி எஃப்-10 ராக்கெட் கிளம்பியது. முதல் இரண்டு கட்டங்களும் பிசகில்லாமல் எரிந்து முடிந்தன. கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் இயங்கும் மூன்றாவதான கிரையோஜெனிக் கட்டம் பற்றவே இல்லை. இஓஎஸ்-03 என்ற புவி நோக்குச் செயற்கைக்கோளை அன்று இழந்தோம். விசாரணைக் குழு தேடிப் பிடித்த காரணம், ஹைட்ரஜன் தொட்டியின் தலைமேல் இருந்த ஒரு வால்வு.

அந்த வால்வுக்கு என்ன வேலை? திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் இருக்கிறது. அது சும்மா இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். ராக்கெட் தரையில் நிற்கும்போது அந்த ஆவியை வெளியே விட வேண்டும். கிளம்பிய பிறகு இறுக மூடிக்கொண்டு, தொட்டிக்குள் அழுத்தம் ஏற விட வேண்டும். தொட்டிக்குள்ளேயே பொருத்தியிருக்கும் துணை பம்பு சரியாகச் சுழல அந்த அழுத்தம் தேவை. எஃப்-10இல் வால்வின் கசிவைத் தடுக்கும் மென்மையான சீல் சேதமாகியிருந்தது, வாயு கசிந்தது, அழுத்தம் ஏறவில்லை. எஞ்சின் பற்ற வேண்டிய நேரத்தில் பம்பு சரியாக இயங்காததால், ராக்கெட்டின் கணினி பயணத்தை நிறுத்திவிட்டது. சீல் ஏன் கெட்டது? தூசு போன்ற மாசு புகுந்திருக்கலாம், அல்லது வால்வைப் பொருத்தியபோது ஏற்பட்ட இறுக்கம் கடுங்குளிரில் அதை நெரித்திருக்கலாம் என்று குழு சொன்னது.

நம் விண்வெளித் திட்டத்தின் சிக்கலை எனக்கு இந்த வால்வுதான் தெளிவாகக் காட்டுகிறது. நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிக் காட்டிவிட்டோம். 2025 ஜனவரி 16 அன்று விண்வெளியில் இரண்டு சிறு செயற்கைக்கோள்களை ஒன்றோடொன்று இணைத்தும் காட்டிவிட்டோம். புதிதாக ஒன்றை முதல்முறை செய்வதில் நமக்குக் குறை இல்லை. செய்த ஒன்றையே ஐம்பதாவது முறையும் அதே துல்லியத்தோடு செய்வதில்தான் இப்போது தடுமாறுகிறோம்.

2025 ஜனவரி 29ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதல் அது. ராக்கெட் தன் வேலையை முடித்து, என்விஎஸ்-02 என்ற வழிகாட்டிச் செயற்கைக்கோளை நீள்வட்டப் பாதையில் விட்டது. அங்கிருந்து சொந்த எஞ்சினை இயக்கி மேலே ஏற வேண்டும். எஞ்சினுக்கு ஆக்சிஜனேற்றியைத் திறந்துவிடும் வால்வு திறக்கவில்லை. மறுபடியும் வால்வு. நாவிக் என்ற நம் வழிகாட்டி அமைப்புக்கு இது பெரிய அடி. ஏற்கெனவே அதன் முதல் செயற்கைக்கோளில் மூன்று ரூபிடியம் அணுக்கடிகாரங்களும் நின்றுபோயின. கடிகாரம் ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் தூரக் கணக்கு 300 மீட்டர் பிசகிவிடும்; கடிகாரமே நின்றுவிட்டால் அந்தக் கோள் வழிகாட்டப் பயன்படாது. அதற்குப் பதிலாக 2017இல் அனுப்பிய கோளும், வெப்பக் கவசம் பிரியாததால் ராக்கெட்டுக்குள்ளேயே சிறைப்பட்டுப்போனது.

அடுத்து பிஎஸ்எல்வி. 1993இல் முதல் பயணம் தோற்றது. அதன் பிறகு முப்பது ஆண்டுகள் நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ராக்கெட் இது. 2025 மே 18 அன்று சி-61 பயணத்தில் மூன்றாம் கட்டத்தின் எரியறை அழுத்தம் இறங்கியது. 2026 ஜனவரியில் சி-62 பயணத்திலும் மூன்றாம் கட்டத்தின் கடைசிப் பகுதியிலேயே கோளாறு. அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் ஒரே கட்டம் காலை வாரினால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

இந்த மூன்றாம் கட்டம் திட எரிபொருளால் ஆனது. இதில் உள்ள சங்கடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். திரவ எஞ்சினை, அது கிரையோஜெனிக் ஆனாலும், மகேந்திரகிரி சோதனைத் தளத்தில் சில விநாடிகள் எரித்துப் பார்த்துவிட்டு அதே எஞ்சினை ராக்கெட்டில் பொருத்தலாம். திட எரிபொருள் மோட்டாரில் அது நடக்காது, பற்றவைத்தால் தீர்ந்தது. அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள், ரப்பர் போன்ற ஒரு பசை ஆகியவற்றைக் குழைத்து, உறைக்குள் வார்த்து, சூட்டில் பல நாள் இறுக வைக்கிறார்கள். வார்ப்புக்குள் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. எரிபொருளுக்கும் உறையின் உள்பூச்சுக்கும் இடையே ஒட்டு விடக் கூடாது. விரிசல் இருந்தால் எரியும் பரப்பு கூடி அழுத்தம் எகிறும். உறையிலோ, எரிந்த வாயு வெளியேறும் நாசிலிலோ ஓட்டை விழுந்தால் அழுத்தம் இறங்கும். இதையெல்லாம் எக்ஸ்ரே, மீயொலிச் சோதனை வழியாக வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். பார்ப்பவரின் கண்ணும் பொறுமையும் அன்றைக்கு எப்படி இருந்தன என்பதும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

அந்தக் கண் பழக வேண்டுமானால் வேலை தொடர்ந்து வர வேண்டும். 2023இல் நாம் ஏவியவை 7, 2024இல் 5, 2025லும் 5. அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனம் 2024இல் மட்டும் 130 முறைக்கு மேல் ஏவியது. பணத்திலும் அளவிலும் நாம் அந்த வரிசையில் இல்லை. எண்ணிக்கையில் போட்டி போடச் சொல்லவும் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஐந்து ராக்கெட், அதிலும் மூன்று வெவ்வேறு வகை என்றால், ஒரு வகைக்கான சீல் செய்யும் பட்டறைக்கு ஆண்டுக்கு எத்தனை ஆர்டர் போகும்? கை பழகுவதற்குள் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். அரசு விமான நிறுவனமான எச்ஏஎல், தனியார் நிறுவனமான எல்&டி கூட்டணியிடம் ஐந்து பிஎஸ்எல்வி செய்யும் பொறுப்பைக் கொடுத்திருப்பதும், சிறிய எஸ்எஸ்எல்வி ராக்கெட்டின் தொழில்நுட்பத்தை எச்ஏஎல்லுக்கு மாற்றுவதும் சரியான திசை. ஆனால் வரைபடத்தைக் கொடுத்தால் போதாது. எங்கெங்கே தவறு நடந்தது என்ற பதிவேட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எஃப்-10 விசாரணையின் சாரத்தை இஸ்ரோ வெளியிட்டது. ஒவ்வொரு தோல்விக்கும் அப்படி வெளியிட வேண்டும். உதிரிபாகம் செய்பவருக்கு அதைவிடப் பெரிய பாடநூல் கிடையாது.

தோல்வியை முன்வைத்து வேலை செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சந்திரயான்-3 சாட்சி. சந்திரயான்-2 இறங்கும்போது எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாக உந்தின. பிசகு சேர்ந்துகொண்டே போனது. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். அடுத்த முறை எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்று பட்டியல் போட்டு வடிவமைத்தார்கள். கால்களை உறுதியாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், இறங்குமிடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது.

ககன்யானில் இந்தக் கவனம் இன்னும் பல மடங்கு வேண்டும். 400 கிலோமீட்டர் உயரத்துக்கு மனிதர்களை ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். திரும்பும் கூட்டில் பத்து பாராசூட்டுகள். கடைசியில் விரியும் மூன்று பெரியவற்றில் இரண்டு விரிந்தாலும் பத்திரமாக இறங்கலாம். 2022 என்று முதலில் சொன்ன கெடு தள்ளிப்போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆளில்லாப் பயணங்களைக் குறைத்து நாளைப் பிடிக்கப் பார்த்தால்தான் வருத்தப்படுவேன். 2035இல் சொந்த விண்வெளி நிலையம், 2040இல் நிலவில் இந்தியர் என்ற இலக்குகளுக்கும் இதையேதான் சொல்வேன்.

எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கை தருபவை நம் பக்கத்திலேயே இருக்கின்றன. 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-என்2 கோளை 2024இல் வெளிநாட்டு ராக்கெட்டில்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அந்தக் குறையைத் தீர்க்க, திரவ ஆக்சிஜனும் மண்ணெண்ணெயும் எரியும் அரைக் கிரையோஜெனிக் எஞ்சின் மகேந்திரகிரியில் தயாராகிறது. 200 டன் உந்துவிசை. எரியறையில் 180 பார் அழுத்தம். சூடான ஆக்சிஜன் பாயும் குழாய்க்குள் ஒரு உலோகத் துணுக்கு இருந்தாலும் தீப்பிடிக்கும், அதனால் கலப்புலோகமும் உள்பூச்சும் தனியாக உருவாக்க வேண்டும். 2025 மார்ச்சில் இதன் முக்கிய பாகங்களை இரண்டரை விநாடி எரித்துப் பார்த்தார்கள். முழு எஞ்சின் வந்தால், நம் மிகப் பெரிய ராக்கெட்டான எல்விஎம்-3 தகவல்தொடர்புக் கோள்களுக்கான உயரப் பாதைக்குச் சுமக்கும் எடை 5 டன்னைத் தாண்டும்.

இன்னொன்று, தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் குலசேகரன்பட்டினத்தில் அமையும் புதிய ஏவுதளம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட், இலங்கையின் மேல் பறக்காமல் இருக்க முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு தெற்கே திரும்புகிறது. பெரிய ராக்கெட் அந்த வளைவுக்கான எரிபொருளைத் தாங்கிக்கொள்ளும். எஸ்எஸ்எல்வி போன்ற சின்ன ராக்கெட்டுக்கு அதிலேயே சுமையில் பெரும் பங்கு போய்விடும். குலசேகரன்பட்டினத்திலிருந்து நேரே தெற்கே கடல்தான். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள்.

2025இல் தமிழ்நாடு அரசு விண்வெளித் தொழிற்கொள்கை ஒன்றையும் கொண்டுவந்தது. அதில் வரும் பணத்தில் முதல் பங்கு சோதனைக்கூடங்களுக்குப் போக வேண்டும் என்பது என் கோரிக்கை. கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் சீல், வால்வு செய்யும் சிறு பட்டறைக்காரர் ஹீலியம் கசிவுமானியைச் சொந்தமாக வாங்க முடியாது. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக்கு வால்வைக் குளிரவைத்து, நூறு முறை திறந்து மூடி, ஹீலியம் கசிகிறதா என்று பார்க்கும் ஒரு பொதுக் கூடம் வேண்டும். வாடகைக்கு நாள் ஒதுக்கித் தர வேண்டும். வெல்டிங் பற்றவைப்பை எக்ஸ்ரேயில் படிக்கத் தெரிந்தவர்களை நம் தொழிற்பயிற்சி நிலையங்களே தயார் செய்யலாம். மகேந்திரகிரியில் ஓய்வுபெற்ற தொழில்நுட்பப் பணியாளர்கள் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். கற்றுக்கொடுக்க அவர்களையே அழைக்கலாம்.

நன்றி, வணக்கம்.