சின்னப் பட்டறைக்கு ராணுவ ஆர்டர் கிடைக்குமா?

வணக்கம் மக்களே, திருச்சி பக்கம் துவாக்குடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது நம்ம லேத் சத்தம். இன்றைக்கு ஷிப்டை நிறுத்த முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"மூணு மெஷினை வைத்துக்கொண்டு ராணுவ ஆர்டர் எடுக்க முடியுமாண்ணா?" என்று நிறைய தம்பிகள் போனில் கேட்கிறார்கள். முடியும். நான் எடுத்துச் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் எங்கே இடறுவோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இதைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். 40 மில்லிமீட்டர் அலாய் ஸ்டீல் கம்பி, வெட்டி மிச்சமான துண்டு. இதில் செய்கிற பாகத்தையோ டிராயிங்கையோ காட்ட மாட்டேன், காட்டவும் கூடாது. இந்த முனையில் பஞ்ச் அடித்த எண் தெரிகிறதா? இதுதான் ஹீட் நம்பர். ஆலையில் ஒரு தடவை உருக்கி ஊற்றுகிற ஒவ்வொரு உருக்குக்கும் ஒரு எண் உண்டு. கம்பியோடு வருகிற டெஸ்ட் சர்டிஃபிகேட்டிலும் அதே எண் இருக்கும்.

என் முதல் வேலை ஒரு பெரிய நிறுவனத்துக்கு ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குச் செய்து கொடுக்கிற வேலை. டாங்கியில் பாகங்களைக் கோக்கிற உருளை ஆணி, 'பின்' என்போம், மொத்தம் 60. இரண்டு ஹீட்டில் கம்பி வந்திருந்தது. எண் இருந்த முனையைத்தான் நம்ம பையன் முதலில் வெட்டியிருக்கிறான். மீதிக் கம்பியில் எண்ணே இல்லை. அதை நான் கவனிக்கவில்லை. 60 பின்னும் அளவில் அப்படியே உட்கார்ந்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்கும் முன்பே, "இதில் எது எந்த ஹீட்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 60ம் ரிஜெக்ட். மூன்று வாரக் கூலியும் கம்பிக் காசும் போய்விட்டது.

அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை. அப்புறம் யோசித்தால் அவர் கேட்டதுதான் சரி. அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கி ஏறக்குறைய 68 டன். அவ்வளவு எடையுள்ள வண்டி ராஜஸ்தான் மணலில் ஓடும்போது ஒரு பின் உடைந்தால், அந்த உருக்கில் செய்த மற்ற பின்கள் எந்தெந்த வண்டியில் இருக்கின்றன என்று தேடிப் பிடிக்க வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் எப்படித் தேடுவது? உள்ளே நம்ம ஊர்ப் பிள்ளைகள்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது அறுக்கும் மெஷின் பக்கத்திலேயே நம்பர் பஞ்ச் செட் வைத்திருக்கிறேன். வெட்டுவதற்கு முன்னால், துண்டாகப் போகிற பக்கம், மிஞ்சுகிற பக்கம் இரண்டிலும் எண்ணை அடித்தாக வேண்டும். ஹீட்டுக்கு ஒரு நிற பெயின்ட். ஒரு நோட்டு. இதற்கு ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

சரி, ஆர்டர் எங்கிருந்து வரும்? ஒரு காலத்தில் துவாக்குடிக்கு பெல் (பிஎச்இஎல்) நிறுவனத்தின் கொதிகலன் வேலைதான் சோறு போட்டது. அது குறைந்தபோது இங்கே எத்தனை ஷட்டர் இறங்கியது என்று எங்களுக்குத் தெரியும். 2019 ஜனவரி 20 அன்று பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் திருச்சியில் தொடங்கி வைத்தார்கள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து இடங்களில் ராணுவத் தளவாடத் தொழிலை வளர்க்கிற திட்டம் அது. 2021 அக்டோபர் 1 முதல் பழைய படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தன. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் வருகிறது. அதே திருச்சியில் இருக்கிற 'ஹாப்' என்கிற கன உலோகத் தொழிற்சாலை, புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ். டாங்கி செய்கிற ஆவடி தொழிற்சாலைக்கு மட்டும் தலைமையிடமும் ஆவடியே. டெண்டர் தேடும்போது ஊர்ப் பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள், நிறுவனப் பெயரிலும் தேடுங்கள். அரசுத் துறைகள் பொருள் வாங்குகிற ஜெம் இணையதளம் பாருங்கள். ஸ்ரீஜன் தளமும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த, இங்கேயே செய்ய ஆள் தேடுகிற பாகங்களை அதில் போடுகிறார்கள்.

உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு, இல்லாமல் இந்தப் பக்கமே வராதீர்கள். மத்திய அரசுத் துறைகளும் நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது விதி. அதற்குள் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு, 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு. பெரிய கம்பெனி எல்1, அதாவது எல்லோரையும்விடக் குறைந்த விலை போட்டவராக வந்து, உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அந்த எல்1 விலைக்கு இறங்கி வந்து ஒரு பங்கு ஆர்டர் வாங்கலாம். ஈஎம்டி, அதாவது டெண்டர் போடும்போது கட்டுகிற முன்பணம், கட்ட வேண்டாம். ஆனால் ஆர்டர் கிடைத்த பிறகு கேட்கும் செக்யூரிட்டி டெபாசிட் வேறு. அதற்குச் சலுகை இருக்கும் என்று நினைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

விலை போடுவதில்தான் நான் இரண்டாவது அடி வாங்கினேன். கொதிகலன் வேலை பழக்கத்தில் கிலோவுக்கு இவ்வளவு என்று போட்டுவிட்டேன். டிராயிங்கோடு வருகிற தரத்திட்டத்தை, அதாவது க்யூஏபியை, வரி விடாமல் படித்த பிறகே விலை போடுங்கள். சோதனை எந்த லேபில், எத்தனை சாம்பிள் உடைத்துப் பார்க்க வேண்டும், அளவு சரிபார்க்கிற கேஜ் யார் வாங்குவது, இன்ஸ்பெக்டர் வருகிறவரை சரக்கு எத்தனை நாள் நம்ம ரேக்கில் கிடக்கும், எல்லாமே காசு. எனக்கு ஒரு திரெட் கேஜிலேயே அந்த ஆர்டரின் லாபம் கரைந்தது.

பணம் வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 45 நாளுக்குள் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியில். இதற்கென்று அரசு நடத்துகிற இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் அந்த 45 நாள் நீங்கள் வண்டியில் சரக்கு ஏற்றிய நாளிலிருந்து ஓடாது, அவர்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான். 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வந்துவிட்டால், அது தீர்ந்த பிறகுதான் கணக்கு. அதனால் டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் கேட்டை விட்டு வெளியே வராதீர்கள். மூன்று மாதச் சம்பளத்துக்குக் கையில் காசு இல்லாமல் இதில் இறங்குவது ஆபத்து. என் வீட்டு நகை ஒரு முறை அடகுக்குப் போய்த் திரும்பியது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கட்டடம், ரோடு, குழாய் வேலை செய்கிறவர்கள் எம்இஎஸ், அதாவது ராணுவப் பொறியியல் பணிகள் துறை பக்கம் பாருங்கள். முப்படைக் குடியிருப்புகளின் கட்டுமானமும் பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு. தகுதிக்கு ஏற்ற வகுப்பில் ஒப்பந்ததாரராகப் பதிய வேண்டும். புதிதாக ஒரு ராணுவக் கருவியை உருவாக்கும் யோசனை வைத்திருப்பவர்களுக்கு ஐடெக்ஸ் என்கிற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. 2018இல் நம்ம சென்னை பக்கம் திருவிடந்தையில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில்தான் அதைத் தொடங்கினார்கள், மானியமும் உண்டு. அதில் எனக்கு அனுபவம் இல்லை, அதனால் நீட்டவில்லை.

புதிதாக வருகிறவர்கள் நேரடி டெண்டருக்குப் போகும் முன், ஏற்கெனவே சப்ளை செய்கிற ஒருவரிடம் ஜாப் ஒர்க்காக ஒரு சின்ன பாகம் எடுத்துச் செய்யுங்கள். காகிதம் எப்படி நடக்கிறது என்று அங்கே கற்றுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் உள்ளே வந்தேன், 60 பின் போனதும் அந்தப் படிப்புக்குத்தான்.

நாளைக்குக் காலையில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன், 200 பின். இந்த டிரேயில் அடுக்கியிருப்பது சாம்பிள் துண்டுகள், ஒவ்வொன்றிலும் எண் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். முடிவு என்ன ஆனது என்று அடுத்த வீடியோவில் சொல்கிறேன். வரேன் மக்களே.